மதுரைப் பயணிகளுக்கான வழிகாட்டி: பயணப்பை, பொருள் வாங்குதல், உணவு

மதுரை, தமிழ்நாட்டின் தென்பகுதியில் வைகை ஆற்றங்கரையில் அமைந்துள்ள பழம்பெரும் நகரம் ஆகும். கோயில் வழிபாடு, சுற்றுலா, மருத்துவம், திருமணத்துக்கான ஜவுளி மற்றும் நகை வாங்குதல் எனப் பல காரணங்களுக்காக மக்கள் இங்கு வருகின்றனர். அவர்களுள் ஓரிரு நாள்கள் மட்டுமே தங்குவோர் மிகுதி. நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்கள் நண்பகலில் கோயில் நடை சாத்தியிருப்பதைக் கண்டு வெயிலில் காத்திருப்பதும், அச்சிட்ட புடவையைக் கைமுடிச்சுச் சுங்குடி என்று நம்பி வாங்குவதும், வாடிய மல்லிகையுடன் ஊர் சேர்வதும் அடிக்கடி நிகழ்கின்றன. சிறிது முன்னறிவு இருந்தால் இவற்றைத் தவிர்க்கலாம். மதுரைக்கு வருவோர் என்ன எடுத்து வர வேண்டும், எதை எங்கே பார்த்து வாங்க வேண்டும், எப்பொழுது எதை உண்ணலாம், வாங்கியதை எவ்வாறு பத்திரமாக எடுத்துச் செல்லலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

மதுரையில் வணிகம் பகலோடு முடிவதில்லை. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட மதுரைக்காஞ்சி, இந்நகரில் பகலில் நடந்த நாளங்காடியையும் மாலைக்குப் பின் நடந்த அல்லங்காடியையும் குறிப்பிடுகிறது. மாங்குடி மருதனார் பாடிய அந்நூல் பத்துப்பாட்டில் அடங்கும். இன்றும் பேருந்து நிலையங்களைச் சுற்றி நள்ளிரவு கடந்தும் இட்லி, புரோட்டாக் கடைகள் இயங்குகின்றன. பூச்சந்தை விடியும் முன்னரே விழித்துவிடுகிறது. இதனால் இந்நகருக்குத் 'தூங்கா நகரம்' என்ற பெயர் வழங்குகிறது. பயணிகள் தம் நேரத்தைத் திட்டமிட இந்தப் பழக்கத்தை அறிந்திருப்பது உதவும். வெயில் நேரத்தில் அலைவதைக் குறைத்துக்கொண்டு, காலையையும் மாலையையும் வெளிவேலைகளுக்குப் பயன்படுத்துவதே மதுரைக்கு ஏற்ற முறை.

ஏற்ற பருவம்

மதுரைச் சமவெளி வறண்ட வெப்பம் கொண்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெப்பநிலை பல நாள்களில் 40 பாகை செல்சியசை நெருங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையிலான காலமே நடந்து சுற்றிப் பார்க்க மிகவும் ஏற்றது.

விழாக்காலங்களில் நகரம் வேறு முகம் கொள்ளும். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களில் ஜல்லிக்கட்டு நடைபெறும். தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா நடைபெறும். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம், தேரோட்டம், கள்ளழகர் வைகையில் எழுந்தருளல் ஆகியவற்றைக் காணப் பல இலட்சம் மக்கள் கூடுவர். 2022ஆம் ஆண்டு கள்ளழகர் ஆற்றில் இறங்கிய நிகழ்வின்போது நெரிசலில் சிக்கி 2 பேர் உயிரிழந்தனர். எனவே விழாவுக்கு வருவோர் பெரிய பைகளை அறையிலேயே வைத்துவிட வேண்டும். குழந்தைகளின் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டை வைத்தல் நலம். பிரிந்து போனால் சந்திக்கும் இடத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். அமைதியாகப் பொருள் வாங்க விரும்புவோர் இந்நாள்களையும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களையும் தவிர்க்கலாம்.

பயணப்பையில் வைக்க வேண்டியவை

மதுரைக்கு வருவோர் சுமையைக் குறைத்து வருவதே சிறந்தது. திரும்பும்போது பை எப்படியும் கனக்கும்.

1. பருத்தி உடைகள்: வியர்வையை உறிஞ்சும் தளர்ந்த பருத்தி உடைகளே ஏற்றவை. காந்தியடிகள் தம் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில்தான். அந்தக் கட்டடத்தில் தற்போது கதர் விற்பனை நிலையம் இயங்குகிறது. உடை போதாதவர்கள் அங்கேயே கதர் வாங்கிக்கொள்ளலாம்.

2. கோயிலுக்கு ஏற்ற உடை: ஆண்களுக்கு வேட்டி அல்லது முழுக்கால் சட்டை, பெண்களுக்குச் சேலை, தாவணி அல்லது துப்பட்டாவுடன் கூடிய சுடிதார். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை ஆகியவற்றுடன் வந்தால் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட நேரிடும்.

3. எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு: கோயில்களிலும் சில கடைகளிலும் காலணியைக் கழற்ற வேண்டும். கயிறு கட்டும் காலணி நேரத்தை வீணாக்கும். விலையுயர்ந்த காலணியும் வேண்டாம்.

4. மஞ்சப்பை: ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. பல கடைகளில் பைக்குத் தனியே பணம் கேட்பர். இரண்டு துணிப்பைகளை மடித்து வைத்துக்கொண்டால் இச்செலவு இல்லை.

5. தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது குடை, சிறு துண்டு.

6. சில்லறை: கைபேசி வழிப் பணம் செலுத்தும் வசதி பெரும்பாலான கடைகளில் உண்டு. எனினும் பூக்காரர், செருப்புக் காப்பகம், நகரப் பேருந்து ஆகியவற்றுக்கு 10, 20 ரூபாய்த் தாள்கள் தேவைப்படும். கோயிலுக்குள் கைபேசி கொண்டு செல்ல முடியாது என்பதால் அங்கே பணம் மட்டுமே கைகொடுக்கும்.

7. வழக்கமாக உண்ணும் மருந்துகள், மருத்துவர் சீட்டின் படி, ஓர் அடையாள அட்டை.

நகரை அடைதலும் வீதிகளின் அமைப்பும்

மதுரை சந்திப்பு ரயில் நிலையத்திலிருந்து மீனாட்சி அம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்துக்கு நடந்தே சென்றுவிடலாம். பெரியார் பேருந்து நிலையம் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது. நகரப் பேருந்துகள் இங்கிருந்து புறப்படும். வெளியூர்ப் பேருந்துகளுக்கு மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் என இரு நிலையங்கள் உள்ளன. திண்டுக்கல், தேனி, கோயம்புத்தூர் வழித்தடங்களுக்கு ஆரப்பாளையமும், சென்னை, திருச்சி, திருநெல்வேலி முதலிய வழித்தடங்களுக்கு மாட்டுத்தாவணியும் பயன்படுகின்றன. இரண்டும் நகரின் வெவ்வேறு திசைகளில் இருப்பதால், பேருந்து எந்த நிலையத்துக்கு வரும் என்பதைக் கேட்டறிந்து ஏற வேண்டும். ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கோயிலை நடுவாக வைத்துச் சதுரச் சதுரமாக வீதிகள் அமைந்துள்ளன. கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகளும், வெளியே முறையே சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் ஆகியவையும் உள்ளன. ஒவ்வொன்றும் நான்கு திசைக்கும் ஒன்றாக நான்கு வீதிகள். வீதிப் பெயரில் 'கீழ' என்பது கிழக்கையும் 'மேல' என்பது மேற்கையும் குறிக்கும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் புதியவர்களும் வழி தவற மாட்டார்கள். கோட்டை மதில் 19ஆம் நூற்றாண்டில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது. அவர் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத்தூண், இன்று அப்பகுதிக்கே பெயராகிவிட்டது.

கோயில் செல்லும் நேரம்

மீனாட்சி அம்மன் கோயில் நடை விடியற்காலையில் திறக்கப்பட்டு நண்பகல் 12.30 மணியளவில் சாத்தப்படும். மீண்டும் மாலை 4 மணியளவில் திறக்கப்பட்டு இரவு 10 மணியளவில் சாத்தப்படும். விழா நாள்களில் இந்நேரம் மாறலாம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் கோயிலுக்குள் கைபேசி கொண்டு செல்லத் தடை விதிக்கப்பட்டது. வாயில்களுக்கு அருகில் உள்ள காப்பகங்களில் கைபேசி, காலணி, பை ஆகியவற்றைக் கொடுத்து வில்லை பெற்றுக்கொள்ள வேண்டும். எந்தக் கோபுர வாயிலில் பொருளை ஒப்படைத்தோம் என்பதை மறந்து நான்கு வீதிகளையும் சுற்றுவோர் பலர். எனவே நுழைந்த வாயிலின் திசையை நினைவில் கொள்ள வேண்டும். கைபேசி இல்லாத நிலையில் குடும்பத்தினர் பிரிந்துவிட்டால் சந்திப்பதற்குப் பொற்றாமரைக் குளத்தின் படிக்கட்டு எளிதான இடம்.

பொருள் வாங்குதல்

வீதிதோறும் ஒரு வணிகம் சிறந்திருப்பது மதுரையின் வழக்கம். தெற்காவணி மூல வீதியில் நகைக் கடைகளும், கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகளும், வெண்கலக்கடைத் தெருவில் பாத்திரக் கடைகளும், விளக்குத்தூண் பகுதியிலும் தெற்குமாசி வீதியிலும் ஜவுளிக் கடைகளும் நிறைந்துள்ளன. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் நெடுங்காலம் இருந்த தையல், புத்தகம், பித்தளைப் பொருள் கடைகள் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. பழைய நினைவில் புதுமண்டபத்தைத் தேடி வருவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

சுங்குடிச் சேலை

மதுரைக்கே உரிய துணி சுங்குடி. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராட்டிர மக்களின் கைத்திறன் இது. பருத்தித் துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி எடுத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின் முடிச்சுகளை அவிழ்த்தால் அவ்விடங்கள் புள்ளிகளாகத் தெரியும். ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இருக்கும். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்கின்றனர். மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இன்று சுங்குடி என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும்பகுதி மெழுகு அச்சு அல்லது திரை அச்சு முறையில் செய்யப்பட்டவை. அவையும் உடுத்த ஏற்ற நல்ல துணிகளே, விலையும் குறைவு. ஆனால் அச்சுச் சேலைக்குக் கைமுடிச்சுச் சேலையின் விலையைக் கொடுப்பது வாங்குவோருக்கு இழப்பு. முடிச்சிடும் பெண்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு. அச்சுச் சேலை அதே பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, பல நாள் உழைப்புக்கு உரிய கூலி கிடைப்பதில்லை. எனவே வேறுபாட்டை அறிந்து வாங்குவது இக்கலை நிலைப்பதற்கும் உதவும். கவனிக்க வேண்டியவை:

- கைமுடிச்சில் புள்ளிகள் ஒன்றுபோல் இரா. அளவிலும் வரிசையிலும் சிறு மாறுபாடு தெரியும். அச்சில் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவில் இருக்கும்.
- கைமுடிச்சுப் புள்ளியின் ஓரம் சற்றுக் கலங்கி இருக்கும். நடுவில் சாயம் ஏறிய சிறு பொட்டும் காணப்படலாம்.
- துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திரை அச்சில் பின்புறம் வெளிறியிருக்கும்.
- முடிச்சு அவிழ்த்த புதிய துணியில் சுருக்கங்கள் இருக்கும். இது குறையன்று; உண்மையான வேலையின் அடையாளம்.
- 'கைமுடிச்சா, மெழுகு அச்சா, திரை அச்சா?' என்று கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்டு, பதிலை இரசீதில் எழுதித் தரச் சொல்லலாம்.

முதல் சில சலவைகளில் சாயம் சிறிது போகும் என்பதால் சுங்குடியை உப்பு கலந்த தண்ணீரில் தனியே அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்.

மதுரை மல்லி

மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் விளையும் இம்மல்லிகை தடித்த இதழும் மிகுந்த மணமும் உடையது. மொட்டுகளை விடியலில் பறித்து மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குக் கொண்டு வருவர். மொட்டு மாலைக்கு மேல் விரியத் தொடங்கும். எனவே எடுத்துச் செல்வோர் வெண்மையான, இன்னும் விரியாத, தடித்த மொட்டுகளையே வாங்க வேண்டும்.

மல்லிகையின் விலை நாள்தோறும் மாறும். பனிக்காலத்தில் விளைச்சல் குறையும். பொங்கலும் முகூர்த்த நாள்களும் சேர்ந்தால் கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்றது சில ஆயிரம் ரூபாயாக உயரும். ஆகவே முந்திய பயணத்தின் விலையை வைத்துப் பூக்காரரிடம் வாதிடுவது பயனற்றது. கட்டிய பூ முழக்கணக்கில் விற்கப்படும். முழத்தின் நீளத்தை மட்டும் பாராமல், பூ நெருக்கமாகக் கட்டப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிற பொருள்கள்

தாழம்பூக் குங்குமம், அப்பளம், பித்தளை விளக்கு ஆகியவையும் மதுரையில் விரும்பி வாங்கப்படுகின்றன. நவராத்திரிக் கொலுவுக்கான மண் பொம்மைகளுக்குத் திருப்பரங்குன்றம் அருகேயுள்ள விளாச்சேரி பெயர் பெற்றது. பித்தளை, வெண்கலப் பொருள்கள் எடைக்கு விற்கப்படுவதால் எடையையும் கிலோ விலையையும் இரசீதில் குறிக்கச் செய்ய வேண்டும். தங்க நகைகளில் 6 எழுத்து, எண் கொண்ட தனி அடையாளக் குறியுடன் கூடிய ஹால்மார்க் முத்திரை 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகும். பொட்டலத் தின்பண்டங்களில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் தயாரித்த நாளையும் பார்த்து வாங்க வேண்டும்.

உணவு

காலையில் இட்லி, பொங்கல், வடை ஆகியவை எங்கும் கிடைக்கும். மதுரை இட்லியின் சிறப்பு அதன் மென்மையும் உடன் தரப்படும் பலவகைச் சட்னிகளும். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலுடன் வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பால், தெருவோர வண்டிகளில் சூடாக விற்கப்படுகிறது. மாலையில் முள்முருங்கைக் கீரை வடையும் கிடைக்கும்.

வெயில் நேரத்துக்கு ஏற்றது ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பாலேடு, ஐஸ்கிரீம் ஆகியவை சேர்ந்த குளிர்பானம் இது. 'ஜிகர்' என்பது ஈரல் அல்லது நெஞ்சையும், 'தண்டா' என்பது குளிர்ச்சியையும் குறிக்கும் வடஇந்திய மொழிச் சொற்கள். இனிப்பு மிகுதி என்பதால் நீரிழிவு உள்ளோர் ஒரு சிறு குவளையைப் பகிர்ந்து அருந்தலாம்.

மதுரையின் அசைவ உணவு புகழ் பெற்றது. தோசையின் மேல் முட்டையும் அதன் மேல் வதக்கிய கொத்துக்கறியும் பரப்பி வேகவைக்கும் கறிதோசை, அயிரை மீன் குழம்பு, குடல் குழம்பு, பஞ்சு போன்ற பன் புரோட்டா, கொத்துப் புரோட்டா ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கறிதோசை ஒன்றே ஒருவருக்குப் போதும். பாதி கேட்டாலும் சில கடைகளில் தருவர்.

சைவ உணவினர் ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். மதுரைப் பேச்சில் 'கறி' என்றால் பெரும்பாலும் ஆட்டிறைச்சி. யாழ்ப்பாணத் தமிழில் காய்கறிப் பதார்த்தத்தையும் 'கறி' என்பதால், இலங்கையிலிருந்து வருவோருக்குக் குழப்பம் ஏற்படலாம். புரோட்டாவுடன் ஊற்றும் சால்னாவும் பெரும்பாலும் இறைச்சிச் சாறு கலந்தது. 'சைவமா?' என்று கேட்ட பின்னரே இலையில் ஊற்றச் சொல்ல வேண்டும். தனிச் சைவ உணவகங்கள் கோயிலைச் சுற்றியும் ரயில் நிலையம் எதிரிலும் பல உள்ளன.

தெருவோரக் கடைகளைத் தேர்ந்தெடுக்க எளிய வழி, கூட்டத்தைக் கவனிப்பது. ஆள்கள் வந்துகொண்டே இருக்கும் கடையில் உணவு தேங்காது. கண்முன் வேகும் சூடான உணவை உண்ணலாம். வெட்டி வைத்த பழங்களையும், மூடாத சட்னியையும் தவிர்க்க வேண்டும். குடிநீரைத் தாமே எடுத்துச் செல்வது நலம். முதல் நாள் இரவே கொத்துப் புரோட்டாவும் குடலும் ஒருசேர உண்டு, மறுநாள் பயணத்தை அறையிலேயே கழிப்பதைவிட, ஒரு வேளைக்கு ஒரு புது உணவு என்று வைத்துக்கொள்வது அறிவுடைமை.

ஊர் திரும்பும்போது பொதி கட்டுதல்

- மல்லிகை: மொட்டாகவே, கட்டாத உதிரியாகவோ தளரக் கட்டியோ வாங்கி, வாழை இலையில் சுற்றி, அதன் மேல் ஈரத்துணி சுற்ற வேண்டும். காற்றுப் புகாத பையில் அடைத்தால் வியர்த்துப் பழுத்துவிடும். நீண்ட பயணத்துக்குப் பனிக்கட்டி வைத்த தெர்மோகோல் பெட்டியில் கட்டித் தரும்படி பூக்கடையில் கேட்கலாம்.
- பொம்மையும் விளக்கும்: மண் பொம்மைகளைப் பழைய துணிகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். புதிய சேலையால் சுற்றக் கூடாது, வண்ணம் ஒட்டும். விளக்கின் தண்டு, தட்டு ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியே தாளில் சுற்றலாம்.
- குங்குமம்: இரட்டை உறையிட்டு மூட வேண்டும். ஒரு பொட்டலம் பிரிந்தால் பை முழுவதும் கறையாகும்.
- அப்பளம்: கடினமான டப்பாவில் நிமிர்த்தி அடுக்க வேண்டும்.
- விமானப் பயணம்: பன்னாட்டு விமானங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவங்களைக் கைப்பையில் கொண்டு செல்ல முடியாது, ஊறுகாய், நெய், நன்னாரி சர்பத் ஆகியவை சரக்குப் பையில் செல்ல வேண்டும். எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக்கூடியது என்பதால் கொப்பரைத் தேங்காய்க்கு விமானங்களில் தடை உண்டு. பூ, விதை, பால் பொருள், இறைச்சி ஆகியவற்றுக்குச் செல்லும் நாட்டின் விதிகளை முன்னரே அறிய வேண்டும்.

ஒரு நாள் மட்டும் தங்குவோருக்கான ஒழுங்கு

காலை 6 மணியளவில் கோயில் தரிசனம். ஆயிரங்கால் மண்டப அருங்காட்சியகத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். அதன்பின் காலை உணவு. 10.30 மணிக்கு மேல், வெயில் ஏறுமுன் சுங்குடியும் பாத்திரமும் வாங்கலாம். வாங்கியவற்றை அறையில் வைத்துவிட்டு நடை சாத்தியிருக்கும் பிற்பகலில் திருமலை நாயக்கர் அரண்மனை, அல்லது 1959இல் தமுக்கம் அரண்மனையில் தொடங்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம் ஆகியவற்றைக் காணலாம்; இரண்டும் நிழல் தருபவை. வழியில் ஜிகர்தண்டா. மாலையில் சித்திரை வீதிகளில் வாகனமில்லாமல் நடக்கலாம். வண்டி ஏறுமுன் கடைசியாக வாங்க வேண்டியது மல்லிகை. காலையில் முதல் வேலையாக அதை வாங்கியவர்கள் மாலையில் மீண்டும் ஒருமுறை வாங்க நேரிடும்.